பீரியாடிக் டெஸ்ட் மார்க் வந்தாச்சு, மறுநாள் வகுப்பில் என்ன செய்வது? (புதுச்சேரி, கடலூர் ஆசிரியர்களுக்கு)

பாகூர்_கணக்கு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரையும் 11-ம் வகுப்பும் 2023-24-ல் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. அடுத்த ஆண்டு 10-ம் 12-ம். 2025-ல் நம் பிள்ளைகளின் முதல் அணி பொதுத்தேர்வும் எழுதிவிட்டது. புத்தகம் மாறிவிட்டது, கேள்வித்தாள் மாறிவிட்டது. வகுப்பில் நாம் வாராவாரம் வைக்கிற சின்ன டெஸ்ட் மட்டும் பெரும்பாலும் பழைய மாதிரியே நடக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புத் தாளில் பாதி, திறன் சார்ந்த கேள்விகள், அதாவது படித்ததைப் புதுச் சூழலில் பயன்படுத்தச் சொல்பவை. பள்ளியே போடும் உள்மதிப்பீடு 20-ல் பீரியாடிக் டெஸ்டுக்கு (ஆண்டின் இடையே வைக்கும் எழுத்துத் தேர்வு) 5, பலவகை மதிப்பீட்டுக்கு (வினாடி வினா, வாய்மொழி போன்றவை) 5, போர்ட்ஃபோலியோவுக்கு (பிள்ளையின் வேலைகளின் தொகுப்பு) 5, பாடச் செறிவூட்டலுக்கு (ஆய்வகம், செயல்பாடு போன்றவை) 5. இந்தக் கணக்கு எல்லா ஸ்டாஃப் ரூமிலும் மனப்பாடம். ஆனால் திறன் கேள்வி என்றதும் நெட்டிலிருந்து ஒரு சாம்பிள் பேப்பரை இறக்குகிறோம், ஜெராக்ஸ் போடுகிறோம், திருத்தி 20-க்கு 7, 20-க்கு 11 என்று ரெஜிஸ்டரில் ஏற்றுகிறோம். அந்த 7 மார்க் பிள்ளைக்கு எது புரிந்தது, எது புரியவில்லை? ரெஜிஸ்டர் அதைச் சொல்லாது. மறுநாள் அடுத்த பாடம் தொடங்கிவிடும். வாராவாரம் வைக்கிற சின்ன டெஸ்டிலாவது மார்க்குக்குப் பதில், எது புரிந்தது, எது புரியவில்லை என்று ஒரு கருத்து எழுதலாம் என்பது என் எண்ணம்.

மறுநாள் நான் வகுப்பில் செய்யப் போவதை மாற்றாத டெஸ்டுக்காகப் பிள்ளையின் ஒரு பீரியடை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆசிரியர்களுக்கு உதவி செய்ய நினைப்பவர்கள் முதலில் தர வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்: ஒரே பாடம் எடுக்கும் மூன்று நான்கு பேர், பிள்ளைகளின் விடைத்தாள்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருவதற்கான நேரம்.

உங்கள் பள்ளிகளில் எப்படி நடக்கிறது? எழுதுங்கள்.

முதுநகர்_டீச்சர்

நான் எல்லைக்கு இந்தப் பக்கம், கடலூர். எங்களுடையது மாநிலப் பாடத்திட்டம். ஆனாலும் நீங்க சொல்றது எங்களுக்கு ரொம்பப் பழக்கமான கதை மேடம்.

2012-13-ல் ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் முப்பருவ முறையோட தொடர் மதிப்பீடு வந்துச்சு. பருவத்துக்கு நடுவுல பார்க்கிற வளரறி மதிப்பீடு 40, பருவக் கடைசியில வைக்கிற தொகுத்தறி மதிப்பீடு 60. அந்த 40-ல செயல்பாட்டுக்கு 20, சின்னத் தேர்வுக்கு 20. எண்ணம் ரொம்ப நல்ல எண்ணம். நடந்தது என்னன்னா, செயல்பாடு சார்ட் ஒட்டுற வேலையா ஆயிடுச்சு. அக்கா ஒட்டுன சார்ட், அப்பா கடையில வாங்குன சார்ட். பருவக் கடைசியில ரெண்டு நாள் உட்கார்ந்து எல்லாருக்கும் 17, 18-னு போட்டு முடிச்ச பள்ளிகளை நான் பார்த்திருக்கேன். ஆசிரியர்களோட சோம்பேறித்தனம்னு அதைச் சொல்ல மாட்டேன். ரெஜிஸ்டர் நிரம்பியிருக்கான்னு கேட்க ஆள் வந்தாங்க. பிள்ளைக்கு என்ன புரிஞ்சுதுன்னு கேட்க யாரும் வரல. எதைக் கேட்டாங்களோ அது கிடைச்சுது.

அதுக்கு நேர்மாறா ஒண்ணு சொல்றேன். 2022-ல சின்ன வகுப்புகளுக்கு எழுத்தும் கணக்கும் அடிப்படையா வரணும்னு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தப்போ பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சோம். அதுலயும் பதிவேற்றுற வேலை அதிகம், அதைப் பத்தி எனக்குக் குறை உண்டு. ஆனா ஒண்ணு நடந்துச்சு. மதிப்பீடு முடிஞ்ச மறுநாள் அந்தப் பிள்ளை எந்தக் குழுவுல உட்காரணும், எந்தப் பக்கத்தைச் செய்யணும்னு தெரிஞ்சுது. மார்க்கை எங்கேயோ ஏத்திட்டு மறக்க முடியாது, ஏன்னா குழந்தை கண்ணு முன்னாடி வேற பக்கத்தைத் திறந்து வெச்சிருக்கு. நீங்க புதுசா எது செஞ்சாலும் இதை மட்டும் விட்டுடாதீங்க.

புதுப்பணி_2024

நான் வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். திறன் சார்ந்த கேள்வி என்றால் நம் ஊர்ச் சூழலில் ஒரு கதை சொல்லிக் கேட்பது என்று பயிற்சியில் புரிந்துகொண்டேன். அதனால் ஆப்பிள் வரும் இடத்தில் பண்ருட்டிப் பலாப்பழம் போட்டேன். இது சரியா? ஒரு கேள்வியை எப்படி எழுதுவது என்று யாராவது முதலிலிருந்து சொன்னால் உதவியாக இருக்கும்.

பாகூர்_கணக்கு

@புதுப்பணி, நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பலாப்பழம் போட்டதில் தவறில்லை, பிள்ளைக்குப் பரிச்சயமான பொருள். ஆனால் பழத்தின் பெயரை மாற்றியதால் கேள்வி மாறிவிடாது. எந்த வழியில் போவது என்று பிள்ளையே முடிவெடுக்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். 'பின்வரும் எண்களின் சராசரி காண்க' என்றால் வழியை நாமே சொல்லிக் கொடுத்துவிட்டோம்.

இதையே இப்படிக் கேட்கலாம். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது நம் பிள்ளைகள் எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த மாதிரி ஒரு வாரத்தைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு, ஐந்து நாள் மழை மில்லிமீட்டரில் 4, 6, 5, 7, 178 என்று கொடுங்கள். 'அந்த ஐந்து நாளும் தினமும் 40 மி.மீ. அளவுக்கு மழை பெய்தது என்று ஒருவர் சொல்கிறார். 40 அவருக்கு எப்படிக் கிடைத்தது? அவர் சொல்வதை நீ ஏற்றுக்கொள்வாயா? ஏன்?' கூட்டினால் 200, ஐந்தால் வகுத்தால் 40, கணக்கு சரிதான். ஆனால் ஒரு நாள்கூட 40 பெய்யவில்லை. வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண், அதாவது இடைநிலை அளவு, 6. நாலு நாள் தூறல், ஒரு நாள் ஊரே மூழ்கியது. சராசரி எப்போது உதவும், எப்போது உதவாது என்று பிள்ளை யோசிக்க வேண்டியிருக்கிறது. தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பு 2023 கேட்பதும் இதைத்தான். அதில் முதலில் பாடத்திட்ட இலக்கு, அதற்குக் கீழே திறன், அதற்கும் கீழே கற்றல் விளைவு என்று வரும். புத்தகத்தின் பயிற்சிக் கணக்கிலிருந்து தொடங்காமல் அந்தத் திறன் வரியிலிருந்து தொடங்கினால் கேள்வி தானாகவே வேறு மாதிரி வரும்.

கொள்குறிக் கேள்விக்கும் (கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது) ஒரு எடுத்துக்காட்டு. எட்டாம் வகுப்புக்கு: '200 ரூபாய் பொருளின் விலை 20 சதவீதம் ஏறியது. பிறகு அந்தப் புது விலையில் 20 சதவீதம் குறைந்தது. இப்போது விலை என்ன?' அ) 200 ஆ) 192 இ) 160 ஈ) 240.

சரியான விடை ஆ. 240-ல் 20 சதவீதம் 48, கழித்தால் 192. எனக்கு இதில் முக்கியம் மற்ற மூன்றும். 'அ' போட்ட பிள்ளை, ஏறிய 20-ம் இறங்கிய 20-ம் சமம் என்று நினைக்கிறது; எதில் 20 சதவீதம் என்று கேட்கப் பழகவில்லை. 'இ' போட்ட பிள்ளை முதல் மாற்றத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. 'ஈ' போட்ட பிள்ளைக்குச் சதவீதம் தெரியும், கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டது. மூன்று பேருக்கும் மார்க் பூஜ்யம். ஆனால் மறுநாள் மூவருக்கும் வேறு வேறு வேலை கொடுக்க வேண்டும். தவறான விடைகளை வாய்க்கு வந்த எண்ணாகப் போடாமல் பிள்ளைகள் உண்மையில் செய்யும் பிழைகளிலிருந்து எடுத்தால், கையைத் தூக்கச் சொல்லியே வகுப்பின் நிலை தெரிந்துவிடும். நோட்டைத் திருத்தக்கூட வேண்டாம்.

வில்லியனூர்_அறிவியல்

கணக்கில் சரி மேடம். அறிவியலில் எங்களுக்கு முதல் தடை ஆங்கிலம். ஐந்தாறு வருஷம் தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளை எட்டு வரி கேஸ் ஸ்டடியை (ஒரு சூழலை விவரித்துக் கேட்கும் கேள்வி) ஆங்கிலத்தில் படித்து முடிப்பதற்குள் பீரியட் முடிந்துவிடுகிறது. பதில் தப்பாக வந்தால் அது அறிவியல் தெரியாததாலா, கேள்வியே புரியாததாலா? அந்த விடைத்தாளை வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்படியானால் அந்த டெஸ்ட் அளந்தது என்ன?

ஒன்பதாம் வகுப்பில் சவ்வூடு பரவலுக்கு (சவ்வு வழியாகத் தண்ணீர் இடம் மாறுவது) ஒரு கேள்வி கேட்டேன். கருவாடு போடும்போது மீனை ஏன் உப்பில் புரட்டுகிறார்கள்? ஆங்கிலத்தில் எழுதச் சொன்னபோது பாதி வகுப்பு வெற்றுத்தாள். வாயால், தமிழில் சொல்லச் சொன்னேன். தேங்காய்த்திட்டுப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண், 'உப்பு மீன்ல இருக்கிற தண்ணிய வெளிய இழுத்துடும் சார், கெட்டுப்போக வைக்கிற கிருமிக்குள்ள இருக்கிற தண்ணியும் போயிடும், அதால அது வளராது' என்றாள். இரண்டாவது பாதியைப் புத்தகம் படித்த பிள்ளைகளே விட்டுவிடுவார்கள். எழுத்துத் தேர்வில் அவள் மார்க் பூஜ்யம்.

இப்போது திருத்தும்போது மார்க்கை இரண்டு பத்தியாக (column) பிரித்துப் போடுகிறேன். ஒன்று கருத்துக்கு, இன்னொன்று ஆங்கிலத்தில் எழுதியதற்கு. ஆங்கிலப் பத்தி காலியாக இருந்தாலும் கருத்துப் பத்தி நிரம்பலாம். அதே சமயம் பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பதையும் மறக்க முடியாது. அதனால் முதலில் தமிழில் பேச்சு, பிறகு கரும்பலகையில் ஐந்தாறு ஆங்கிலச் சொற்கள், அந்தச் சொற்களை வைத்து மூன்று வரி. ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் கரும்பலகைச் சொற்களை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். தமிழிலேயே விட்டுவிட்டால் பிள்ளைக்குச் செய்கிற துரோகம். ஆங்கிலத்தில் மட்டும் கேட்டுவிட்டு 'இவனுக்கு ஒன்றும் தெரியாது' என்று எழுதுவது அதைவிடப் பெரிய துரோகம்.

முதுநகர்_டீச்சர்

சார், அந்த ரெண்டு பத்தி யோசனையை நான் எடுத்துக்கறேன். எங்க கணக்குல வாக்கியக் கணக்குக்கும் அப்படியே பொருந்தும். தமிழ்லயே படிச்சுப் புரிஞ்சுக்க முடியாத பிள்ளைங்க இருக்காங்க.

அரியாங்குப்பம்_அப்பா

நான் ஆசிரியர் இல்லை. என் மகள் அரசுப் பள்ளியில் எட்டாவது. இந்த இழையை நண்பர் ஒருவர் அனுப்பினார். ஒரு பெற்றோராகக் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மார்க் போடாமல் 'இவளுக்கு இது புரிந்தது, இது புரியவில்லை' என்று மட்டும் எழுதி அனுப்பினால் எங்களைப் போன்றவர்கள் எப்படிப் புரிந்துகொள்வது? எங்கள் தெருவில் டியூஷன் எடுப்பவர் வாராவாரம் மார்க் போட்டு அனுப்புகிறார். பிள்ளை முன்னேறுகிறாளா இல்லையா என்று எனக்கு ஒரு எண் வேண்டும்.

பாகூர்_கணக்கு

நீங்கள் கேட்டதில் தவறே இல்லை சார். பீரியாடிக் டெஸ்டுக்கு மார்க் உண்டு, அது உங்களுக்கு வந்தே ஆக வேண்டும். நான் சொல்வது இடையில் வரும் சின்ன மதிப்பீடுகளை. அதற்குக் காரணமும் இருக்கிறது. ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பிள்ளைகளில் ஒரு பகுதிக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பகுதிக்குக் கருத்து மட்டும், இன்னொரு பகுதிக்கு இரண்டும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். கருத்து மட்டும் வாங்கியவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். இரண்டும் வாங்கியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. மார்க்கைப் பார்த்ததும் பிள்ளை பக்கத்துப் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கிறது, கீழே எழுதியிருப்பதைப் படிப்பதில்லை. நம் வகுப்பிலும் தினமும் நடப்பதுதானே.

உங்கள் மகளின் நோட்டில் 10-க்கு 6 என்று இருந்தால் நீங்கள் 'இன்னும் நல்லாப் படி' என்றுதான் சொல்ல முடியும். '20 சதவீதம் என்றால் எதில் 20 சதவீதம் என்று கேட்கப் பழக வேண்டும்' என்று இருந்தால், அவளோடு கடைக்குப் போகும்போது தள்ளுபடிப் பலகையைக் காட்டி ஒரு கேள்வி கேட்கலாம். பெற்றோர் கூட்டத்தில் இதை விளக்கிச் சொல்வது எங்கள் பொறுப்பு. சொல்லாமல் மார்க்கை மட்டும் நிறுத்தினால் உங்களுக்குக் கோபம் வருவது நியாயம்.

அரியாங்குப்பம்_அப்பா

இப்போது புரிகிறது. ஆனால் அந்தக் கருத்து ஒரு வரியில், தமிழில் இருக்கட்டும் மேடம். அவள் அம்மாவும் படிக்க வேண்டும்.

காலாப்பட்டு_சமூகவியல்

எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. நடைமுறை? எனக்கு ஆறு செக்‌ஷன். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் எல்லாம் ஒரே ஆள். போர்ஷன் முடிக்கவே நாள் பற்றவில்லை. இதில் வாராவாரம் கேள்வி எழுது, ஒவ்வொரு பிள்ளைக்கும் கருத்து எழுது என்றால் யார் செய்வது? ஆசிரியர் தலையில் இன்னொரு மூட்டை என்றுதான் எனக்குத் தெரிகிறது. உதவி என்று வருகிற எல்லாமே கடைசியில் ஒரு படிவமாக முடிவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

நெட்டப்பாக்கம்_ஓய்வு (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்)

காலாப்பட்டு ஆசிரியர் சொல்வதை யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். அவர் சொல்வதுதான் பெரும்பாலான பள்ளிகளின் உண்மை நிலை. தலைமையாசிரியராக இருந்த அனுபவத்தில் சொல்கிறேன், நேரத்தை ஆசிரியரின் சொந்த நேரத்திலிருந்து எடுத்தால் எந்த நல்ல திட்டமும் ஒரு பருவத்தைத் தாண்டாது.

ஆனால் நேரம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. சி.பி.எஸ்.இ. ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் பணித்திறன் பயிற்சி பெற வேண்டும். அதில் 25 மணி வாரியமோ அரசுப் பயிற்சி நிறுவனங்களோ நடத்துபவை. மீதி 25 மணி பள்ளிக்குள்ளேயோ அருகிலுள்ள பள்ளிகள் சேர்ந்தோ நடத்திக்கொள்ளலாம். அந்த 25 மணியை என்ன செய்கிறோம்? வெளியிலிருந்து ஒருவரை அழைத்து, புரொஜெக்டர் போட்டு, தேநீர் கொடுத்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி அனுப்புகிறோம். அந்த நேரத்தில் பாகூர் ஆசிரியை கேட்கிற வேலையைச் செய்யலாம். தலைமையாசிரியர் மனம் வைத்தால் போதும்.

கருத்து எழுதுவதைப் பற்றி: ஆறு செக்‌ஷனுக்கும் எழுத முடியாது, எழுதவும் வேண்டாம். ஒரு கேள்வியின் விடைகளைப் படித்து, மார்க்கை மறந்துவிட்டு, யோசித்த விதத்தை வைத்து மூன்று குவியலாகப் பிரியுங்கள். குவியலுக்கு ஒரு கருத்து. கரும்பலகையில் மூன்று வரி. பிள்ளைகளே தங்களுக்குரிய வரியை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். வாரத்துக்கு ஒரு செக்‌ஷன் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே விடைத்தாளை மூன்று ஆசிரியர்களிடம் கொடுத்து, 3 மார்க் கேள்விக்குத் தனித்தனியாக மார்க் போடச் சொல்லுங்கள். ஒருவர் 1 போடுவார், ஒருவர் 3 போடுவார். ஏன் என்று அவர்கள் விவாதிக்கிற அரை மணி நேரத்தில் புதிய பாடத்திட்டம் என்ன எதிர்பார்க்கிறது என்பது தெளிவாகிவிடும். நான் பார்த்த பயிற்சிகளில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை. மூத்த ஆசிரியர்கள் இதில் தயங்குவார்கள், தங்களைச் சோதிக்கிறார்களோ என்று நினைப்பார்கள். அதனால் தலைமையாசிரியர் அந்த அறையில் குறிப்பு எடுக்கக் கூடாது. முடிந்தால் அவரும் ஒரு தாளைத் திருத்த வேண்டும்.

காலாப்பட்டு_சமூகவியல்

ஐயா, குவியலுக்கு ஒரு கருத்து என்றால் செய்யலாம். வாரத்துக்கு ஒரு செக்‌ஷன் என்பதும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சமூக அறிவியலில் வில்லியனூர் சார் சொன்ன மொழிப் பிரச்சினை இன்னும் கடுமை. விடையே பத்தி பத்தியாக எழுத வேண்டியது. வரைபடம், படம், பழைய கடிதத்தின் ஒரு பகுதி என்று ஆதாரத்தைக் கொடுத்து 'இதிலிருந்து என்ன தெரிகிறது' என்று கேட்டால் எழுத்து குறையும் என்று நினைக்கிறேன். இங்கே புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்துக் கால்வாயும் தெருவும் காட்டும் வரைபடம் ஒன்றே போதும். கால்வாய்க்கு இரண்டு பக்கமும் தெருக்கள் எப்படி வேறுபடுகின்றன, ஏன் அப்படிப் பிரித்திருப்பார்கள் என்று கேட்கலாம். குடியேற்ற ஆட்சி பற்றிய பாடம் முழுக்க அதில் இருக்கிறது.

வில்லியனூர்_அறிவியல்

அருமையான கேள்வி சார். பிள்ளைகள் தினமும் நடக்கிற தெரு. கேட்டுவிட்டு விடைகளை எனக்கும் காட்டுங்கள்.

வாரியத்தின் இணையதளத்தில் திறன் கேள்வித் தொகுப்புகளும் மார்க்கிங் ஸ்கீமோடு மாதிரித் தாள்களும் இருக்கின்றன. அவற்றை மொத்தமாக இறக்கி ஜெராக்ஸ் போடாமல் ஒரே ஒரு கேள்வியை எடுத்து, முதலில் ஆசிரியர்கள் எல்லாரும் அதை எழுதிப் பார்க்க வேண்டும். பிள்ளை எங்கே தடுமாறும் என்று எழுதும்போது நமக்கே தெரியும். பிறகு எட்டு வரியை நான்காகச் சுருக்குங்கள்.

புதுப்பணி_2024

பாகூர் மேடம் கொடுத்த 200 ரூபாய்க் கேள்வியை இன்று என் வகுப்பில் கேட்டேன். பெரும்பாலானவர்கள் 'அ'. அது நீங்கள் சொன்னபடிதான். எனக்கு வியப்பாக இருந்தது 'ஆ' போட்டவர்கள். ஏன் என்று கேட்டபோது சிலருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு பையன், '200 வராதுன்னு தோணுச்சு சார், மிச்சத்துல பக்கத்துல இருந்தது 192' என்றான். இவனை எந்தக் குவியலில் வைப்பது?

நெட்டப்பாக்கம்_ஓய்வு

200 வராது என்று அவனுக்குத் தோன்றியதே பாதி அறிவு. அதைப் பாராட்டிவிட்டு மீதியைக் கேளுங்கள்.

பாகூர்_கணக்கு

ஆமாம், ஐயா சொல்வது சரி. சரியான விடை போட்டதால் மட்டும் 'தெரிந்தவர்' குவியலுக்கு அவனை அனுப்ப வேண்டாம். கொள்குறிக் கேள்விக்குக் கீழே 'ஏன்?' என்று ஒரு வரி இடம் விடுங்கள், தமிழில் எழுதினாலும் சரி.

'அ' போட்டவர்களுக்கு நாளை விதியைச் சொல்லாதீர்கள். 200-க்கு ஒரு காகிதப் பட்டை வெட்டச் சொல்லுங்கள். அதன் ஐந்தில் ஒரு பங்கு நீளத்துக்கு இன்னொரு துண்டை அதோடு ஒட்டச் சொல்லுங்கள். நீண்ட பட்டையை மறுபடி ஐந்தாக மடித்தால், வெட்டும் துண்டு ஒட்டிய துண்டைவிடப் பெரியது என்று கண்ணாலேயே தெரியும். பிறகு 'அ' போட்டவர்களுக்கும், காரணம் சொல்லத் தெரியாமல் 'ஆ' போட்டவர்களுக்கும் சேர்த்து ஒரு கேள்வி: 'முதலில் 20 சதவீதம் குறைத்து, பிறகு 20 சதவீதம் ஏற்றினால் விலை என்ன? கணக்குப் போடுவதற்கு முன்னால் யூகித்து எழுது.' 160 ஆகி, அதில் 32 ஏறி, மறுபடி 192-தான் வரும். ஏன் இரண்டு வழியிலும் ஒரே விடை என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தப் பிள்ளையிடமே சாக்பீஸைக் கொடுத்துவிடுங்கள்.

பாகூர்ப் பக்கத்தில் சனிக்கிழமை காலை சந்திக்கலாம் என்று இருக்கிறோம், இடத்தைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். முதுநகர் டீச்சர், கடலூரிலிருந்து கிட்டத்தான், நீங்களும் வாருங்கள். பாடத்திட்டம் வேறாக இருந்தாலும் பிள்ளைகள் செய்கிற பிழை ஒன்றுதான். ஒவ்வொருவரும் ஒரே கேள்விக்கான விடைத்தாள்களில் ஐந்தை மட்டும் கொண்டுவந்தால் போதும்.

முதுநகர்_டீச்சர்

கண்டிப்பா வர்றேன். பிள்ளைங்க பேரு தெரியாம மேல் ஓரத்தை மடிச்சு ஸ்டேப்ளர் போட்டுட்டு வாங்க எல்லாரும். சமூகவியல் சார், அந்த வரைபடக் கேள்வியோட விடை ஐஞ்சும் வேணும்.

காலாப்பட்டு_சமூகவியல்

வியாழக்கிழமை கேட்டுவிடுகிறேன். கொண்டுவருகிறேன்.